காலடி மண்

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. அந்தப் பையத் தூக்கி மடியில வச்சுக்கோ, அது என்ன டிக்கெட்டா எடுத்திருக்கு? ஆங், இப்பச் சரி. கோவில்பட்டிக்கா? நானும் அங்கிட்டுத்தான். நல்லதாப் போச்சு. பேச்சுத் துணைக்கு ஆளு இல்லேன்னா எனக்கு பஸ்ஸுல குமட்டிக்கிட்டு வரும். நீ ஒண்ணும் பேச வேண்டாம், கேட்டாப் போதும்.

நான் யாருன்னு உனக்குத் தெரியாதுல்ல. எங்க ஊர்ல வந்து மந்திரக்காரி வீடு எதுன்னு கேட்டா நண்டு சிண்டு கூடக் கைகாட்டும். சத்துணவுக்கூடத்துல பொங்கிப் போட்டு ரிடையர் ஆனவ. பென்சன் வருது. அதனால மந்திரத்துக்கு ஒத்தப் பைசா தொடுறதில்ல. இத நல்லாக் கேட்டுக்கோ. டி.வி.யில வர்றானுகளே, பத்து வெரலுக்கும் மோதிரத்தப் போட்டுக்கிட்டு, அந்தப் பயலுக மாதிரி இல்ல நான். அவனுகளுக்கு மந்திரமும் தெரியாது, மனுசங்களையும் தெரியாது. புருசன் செத்துப் போனவகிட்டயே, உங்க வீட்டுக்காரரு சீக்கிரம் திருந்திருவாருன்னு சொல்றவனுக.

நான் செய்யுறது பூரா உதவி. கெடுதல் மந்திரம் தெரியும். செஞ்சதில்ல.

எனக்கு இதச் சொல்லிக் குடுத்தவரு எங்க சின்ன மாமனாரு, சோலையப்பன்னு பேரு. வித்தை தெரிஞ்சவருதான். ஆனா சரியான தொடைநடுங்கி. வீடு தேடி வந்து தன் வாயால கேட்டவங்களுக்கு மட்டுந்தான் செய்வாரு. கேக்காதவங்களுக்குச் செய்ய நமக்கு உரிமை இல்லம்பாரு. உரிமையாம்! இவரு என்ன தாலுகா ஆபீஸா நடத்துறாரு? எதிர்த்த வீட்டு ஆளு குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுக் கெடக்கான், இவரு கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காரு. ஏன் மாமான்னேன். அவன் வந்து கேக்கலையேம்மாங்காரு. மயங்கிக் கெடக்குறவன்கிட்ட பெர்மிசன் கேட்டுட்டா டாக்டரு ஊசி போடுறாரு? நீயே சொல்லு. கேட்டுச் செய்யுறது வியாபாரம். கேக்காமச் செய்யுறதுதான் தர்மம். இது அந்த மனுசனுக்குச் சாகுற வரைக்கும் மண்டையில ஏறல.

எனக்கு அந்தக் கதையெல்லாம் கெடையாது. கண்ணுல பட்டுச்சா, செஞ்சிருவேன். எங்க தெருவுல யாருக்கு என்ன நல்லது நடந்திருந்தாலும் அதுல என் கை இருக்கும். அவுகளுக்கே தெரியாது. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல குமரேசன்னு ஒரு வாத்தியாரு இருந்தாரு. பொண்டாட்டி புள்ளைக தேனியில, இவரு இங்க ஒத்தையில ரூம் எடுத்துப் பொங்கித் தின்னுக்கிட்டு. பாக்கப் பாவமா இருந்துச்சு. ஒரு எலுமிச்சம்பழம், நாலு கிராம்பு, அவ்வளவுதான் செஞ்சேன். அந்த வருசமே தேனிக்கு மாறுதல் வந்துருச்சு. பஸ் ஏறுறப்பக் கண்ணுல தண்ணி அந்தாளுக்கு. பெறகுதான் சொல்றாக, பொண்டாட்டிக்குப் பயந்து அவரா எழுதிக் கேட்டுத்தான் இங்கிட்டு வந்து கெடந்தாராம். அதுக்கு நான் என்ன செய்ய? குடும்பம்னா சேந்துதான் இருக்கணும். தனக்கு நல்லது எதுன்னு ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சுட்டா நான் எதுக்கு?

சரி, அத விடு. இப்ப எம் மனசு கொதிக்குது தாயி. ஒரு கழுதைய நான் தூக்கிவிட்டேன். அது என்னைய நடுத்தெருவுல வச்சு... இரு, மொதல்ல இருந்து சொல்றேன்.

எங்க வீட்டுக்குப் பக்கத்துல சீனித்தாய்னு ஒருத்தி. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவ. புருசன் இல்ல. வாயில்லாப் பூச்சி. என்னைய அக்கா, அக்காம்பா. அவளுக்கு ஒரே மக, முனீஸ்வரி. அந்தப் புள்ளயக் கோவில்பட்டி பக்கம் காளிராஜ்னு ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்தா. சொந்தமா லோடு ஆட்டோ வச்சிருக்கான். நல்ல பையன். பெரியவங்களக் கண்டா எந்திரிச்சு நிப்பான். கோவம் வந்தாக் கை முந்திரும், அது ஒண்ணுதான். எந்த வீட்டுல இல்ல? எங்க வீட்டுக்காரரு என்னையப் பம்புசெட்டு ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டு சினிமாவுக்குப் போயிருக்காரு. நான் ஓடிட்டேனா? இருந்தேன்ல? அவரு போய்ச் சேர்ற வரைக்கும் இருந்தேன். அதுக்குப் பெறகுதான் இந்த வித்தையவே படிச்சேன்.

இவ ஓடிட்டா. கையில சட்டுவத்தக் காய வச்சு இழுத்துட்டானாம். ஆத்தா வீட்டுக்கு வந்தப்ப நானும் பாத்தேன். இம்புட்டுத்தான் இருந்துச்சு, ஒரு பூவரச எல அகலம். அதுக்குப் போயித் திருப்பூருக்கு ஓடி, பனியன் கம்பெனியில டெய்லராச் சேந்து, கூட ரெண்டு புள்ளைகளோட ரூம் எடுத்துத் தங்கிட்டா. எந்தக் கம்பெனி, எந்தத் தெருன்னு ஆத்தாகிட்ட மட்டும் சொல்லியிருக்கா. யாருகிட்டயும் மூச்சு விடாதன்னு சத்தியம் வேற வாங்கியிருக்கா. சீனித்தாய் எங்கிட்டச் சொன்னா. நான் என்ன யாரோவா?

சொல்லிட்டு அழுதா. எம் மக நல்லா இருக்காளாம் அக்கா, வயிறாரச் சாப்புடுறாளாம், படுத்தவொடனே தூங்கிருறாளாம்னு சொல்லிச் சொல்லி அழுதா. பெத்தவ தாங்க முடியாம அழுகுறா, அது தெரியாதா எனக்கு? சேத்து வைங்க அக்கான்னு கேட்டாளான்னா, கேக்கல. கூச்சப்பட்டவ எப்படிக் கேப்பா? அழுகுறதும் கேக்குறதும் ஒண்ணுதான.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், சேத்து வச்சிரணும்னு.

பிரிஞ்சவுகளச் சேக்குற கட்டுக்கு ரெண்டு பேரு காலடி மண்ணும் வேணும். அவ மண்ணு லேசு, பொறந்த வீட்டு வாசல்ல அள்ளிக்கலாம். புருசன் மண்ணுதான் கஷ்டம். அவன் மிதிச்ச சூடு ஆறுறதுக்குள்ள எடுக்கணும். எடது கையால எடுக்கணும். அவன் பாக்கக் கூடாது. இன்னொண்ணு இருக்கு, அதுதான் எல்லாத்துலயும் முக்கியம். மண்ணு எடுக்கப் போற வீட்டுல பொய் சொல்லக் கூடாது. அந்த வாசல மிதிச்சதுல இருந்து திரும்பி வெளிய வர்ற வரைக்கும் அந்த வீட்டாளு எதக் கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லிரணும். தம்மாத்துண்டு பொய் சொன்னாலும் போச்சு, அது வெறும் மண்ணு, செடிக்குப் போடத்தான் ஆகும். சோலையப்பன் மாமா சொன்னதுல இந்த ஒண்ண மட்டும் நான் இன்னிக்கு வரைக்கும் மீறுனதில்ல. வித்தைன்னா ஒரு ஒழுக்கம் வேண்டாமா?

போனேன். காளிராஜ் ஓடியாந்து சேரு போட்டான். கலர் சோடா ஒடச்சுக் குடுத்தான். அத்தை, அத்தைன்னு உருகுறான். அழுதான் தாயி, ஆம்பள அழுதான். முனீஸ்வரி கூட அப்படி அழுகல. வாசல்ல நின்ன வண்டிய நெழலுக்குத் தள்ளி நிறுத்தப் போனான் பாரு, அவன் காலடித் தடத்துல ஒரு பிடிய அள்ளி முந்தானையில முடிஞ்சுட்டேன். திரும்பி வந்து கேக்குறான், அத்தை, முனீஸ்வரி எங்க இருக்கான்னு.

நான் என்ன செய்யுறது? முந்தானையில மண்ணு இருக்கு. பொய் சொன்னா அம்புட்டும் பாழு. சொன்னேன். கம்பெனி பேரு, தெருப் பேரு, ரூமுக்குக் கீழ இருக்குற புரோட்டாக் கடை, அவ வேலை விட்டு வர்ற நேரம், எல்லாத்தையும் சொன்னேன். அரைகுறையாச் சொன்னாலும் அது பொய்தான?

வீட்டுக்கு வந்து ரெண்டு மண்ணையும் ஒண்ணாக் கொழச்சு, மஞ்சள் நூலு சுத்தி, அடுப்பு முன்னால பொதச்சேன். பச்சத்தண்ணி பல்லுல படாம விரதம். அந்த வாரம் முடியல தாயி, திருப்பூர்ல அவ கம்பெனி வாசல்லயே போய் நிக்குறான்! எம்புட்டுப் பெரிய ஊரு அது. எத்தன லச்சம் சனம். அத்தன பேருக்குள்ள நேரா அவ முன்னால கொண்டு போயி நிறுத்திருச்சு பாத்தியா? அதுதான் மண்ணு. ஒரு தடவ கட்டிட்டா இழுத்துக்கிட்டே போயிரும்.

என்ன சிரிக்கிற? சிரிக்கலையா? சரி, சரி.

கூட்டியாந்துட்டான். கூட இருந்த புள்ளைக ரெண்டும் மறிச்சுக்கிட்டுக் கத்துச்சுகளாம். இவதான், விடுங்கடி, உங்களையும் அடிச்சிருவான்னு சொல்லிட்டு வண்டியில ஏறியிருக்கா. தானா ஏறியிருக்கா! மனசு மாறாம ஏறுவாளா? அதுதான் கட்டு. எங்க தெருவுல எல்லாருகிட்டயும் நானே போய்ச் சொன்னேன். வாழ்க்கையில ஒரு குடும்பத்தச் சேத்து வச்ச சந்தோசம் இருக்கே, அத இந்தக் காசு வாங்குற பயலுக கண்டிருப்பானுகளா?

சாத்தூர் வந்துருச்சு. ஏய் வெள்ளரிக்காய், இங்க வாப்பா. இந்தா, உனக்கும் சேத்துத்தான் வாங்கிட்டேன். வேண்டாமா? வாங்குன பெறகு வேண்டாம்னா எப்படி? பிடி. உப்பு மொளகாய்த்தூள் போட்டிருக்கான், நல்லாருக்கும். சளி பிடிக்கும்னா பிடிக்கட்டும், தின்னு.

எங்க விட்டேன்? ஆங். கொஞ்ச நாளு கழிச்சு அந்தப் பக்கம் போனேன். நம்ம செஞ்ச வேலை எப்படி இருக்குன்னு நம்மதான பாக்கணும். வெளிப்பக்கம் பூட்டு. அவன் லோடுக்குப் போறப்பப் பூட்டிட்டுப் போயிருவானாம். ஜன்னல்ல வந்து நின்னா. முன்பல்லு ஒண்ணக் காணோம். விழுந்துட்டேன் பெரியம்மாங்கா. கவனம் கெடையாது இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு. குடிக்கத் தண்ணி இல்ல, ஒரு செம்பு மோந்து தாங்கன்னா. குடுத்தேன். கம்பி வழியா வாங்கி மடக்கு மடக்குன்னு குடிச்சா. கொஞ்ச நாளைக்குத்தான் ஆத்தா, கட்டு இறுகுறப்ப வலிக்கத்தான் செய்யும், பெறகு பழகிரும்னு ஆறுதலாப் பேசுனேன். செம்பத் திருப்பி நீட்டுனா. என்னைய ஒரு மாதிரிப் பாத்தா, அவ்வளவுதான்.

அந்தப் பூட்டப் பாத்துக்கிட்டு நிக்க எனக்கும் முடியல. மூச்சு முட்டுன மாதிரி. வெயிலு தாயி, சித்திரை வெயிலு. வேகமாக் கெளம்பி வந்துட்டேன்.

பெறகு எங்க ஊர்ப் பொங்கல் வந்துச்சு. மாரியம்மனுக்கு வைக்கிறது. ஊரு பேசும்னு அவளக் கூட்டிக்கிட்டு அவனும் வந்திருந்தான். நான் மாவு மில்லுல நிக்குறேன். கூட்டம்னா கூட்டம், மாவெளக்குக்கு இடிக்கத் தெம்பில்லாதவளுக பூரா அங்கதான் நிக்குறாளுக. இவ நேரா எங்கிட்ட வந்தா. கால்ல விழப் போறான்னு நெனச்சுச் சேலையச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். எல்லாரும் பாக்கட்டும்னு கொஞ்சம் முன்னாலயும் வந்து நின்னேன்.

பெரியம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும், நான் இருந்த எடத்த அவருகிட்ட நீங்கதான் சொன்னீங்களாங்கா.

ஆமான்னேன். நான் எதுக்கு ஒளிக்கணும்? மண்ணு எடுக்குற வீட்டுல பொய் சொல்லக் கூடாது ஆத்தா, சொன்னா மந்திரம் பலிக்காதுன்னு பொறுமையா வெளக்கிச் சொன்னேன்.

அதுக்கு அவ சொல்றா, மண்ணு வேணும்னா ஒரு கூடை அள்ளிட்டுப் போங்க, விலாசத்த ஏன் பெரியம்மா சொன்னீங்க?

கேட்டியா கதைய? நாக்கு வறண்டு மந்திரம் சொன்னவ நானு. பட்டினி கெடந்தவ நானு. அதெல்லாம் அவளுக்குக் கண்ணுல படல. ஒரு தெருப் பேரு பெருசாப் போச்சு! எம்புட்டு வித்தை, அதக் கொண்டு போயி ஒரு விலாசத்துக்குக் கீழ வச்சுட்டா பாரு. அப்ப என் மந்திரம் ஒண்ணுமே செய்யலையாடின்னு கேட்டேன். அழுகைய அடக்கிக்கிட்டுத்தான் கேட்டேன்.

உங்க மந்திரம் எனக்கு ஒரு கெடுதலும் செய்யல பெரியம்மா, உங்க வாய்தான் செஞ்சுச்சுன்னா. சத்தம் கூடப் போடல. சத்தம் போட்டிருந்தாலும் ஏதோ சின்னப்புள்ள கோவம்னு விட்டிருப்பேன். கணக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற மாதிரிச் சொல்லிட்டுப் போறா. மில்லுக்காரன் சுவிட்ச அமத்திட்டு வாயப் பொளந்து பாக்குறான். அத்தன பேரு நின்னாகளே, பெரியவள இப்படிப் பேசாதடின்னு ஒரு நாதி கேட்டுச்சா? சீனித்தாய் நிக்குறா, மாவுச் சட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தரையப் பாக்குறா. என் வீட்டு உப்பத் தின்னவ!

அன்னிக்கு முளைப்பாரி எடுத்த கூட்டத்துலயே முனீஸ்வரி காணாமப் போயிட்டா. காளிராஜ் ஊரெல்லாம் தேடுனான். சீனித்தாயப் பிடிச்சு உலுக்கிப் பாத்தான். எனக்குத் தெரியாதுங்குறா. எங்கிட்டயும் தெரியாது அக்காங்குறா. இப்பல்லாம் என் முன்னால அவ அழுகுறதில்ல. நான் குழாயடிக்குப் போனா மத்தவளுகளும் பேச்ச நிறுத்திருறாளுக. கொடம் நெறையலேன்னாலும் தூக்கிட்டுக் கெளம்பிருறாளுக. பயம். வித்தைக்காரின்னா அந்தப் பயம் இருக்கத்தான செய்யும்? ஆனா ஒண்ணு, யாருமே வீட்டுக்கு வர்றதில்ல. பேசாம உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். உதவி செஞ்சவளுக்கு இந்தக் கதி.

தெரியாதாம்ல! எனக்கா தெரியாது? எங்கூட சத்துணவுல வேலை பாத்தவ மக ஒருத்தி, வேடசந்தூர் தாண்டி ஒரு நூல் மில்லு, அங்க ஹாஸ்டல்ல சமைக்குறா. லீவுக்கு வந்தவ எதார்த்தமாச் சொல்றா. பெரியம்மா, உங்க ஊர்ப் புள்ள ஒண்ணு எங்க மில்லுல புதுசா வந்திருக்கு, முன்பல்லு இல்ல, சிரிக்குறப்பல்லாம் வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்குதுன்னு. சிரிக்குதாம்! இங்க ஒருத்தன் பொண்டாட்டி இல்லாமப் பொலம்பிக்கிட்டுத் திரியுறான், அங்க இவளுக்குச் சிரிப்புக் கேக்குது.

அதான் கெளம்பிட்டேன். பழைய மண்ணு இனிமே ஆகாது, அவ அறுத்துட்டுப் போயிட்டால்ல. புது மண்ணு எடுக்கணும். அவன் இன்னிக்கு வீட்டுலதான் இருக்கான். போன் போட்டேன், வாங்க அத்தைன்னான். அவ என்னைய ஆயிரம் பேசியிருக்கட்டும், நான் மனசுல வச்சுக்க மாட்டேன். நான் அப்படிப்பட்ட பொம்பள கெடையாது. இந்தத் தடவ இறுக்கிக் கட்டிட்டா எல்லாம் சரியாப் போயிரும். பெறகு அவ அந்த மாவு மில்லுக்காரன் முன்னால வந்து நின்னு சொல்லட்டும், மந்திரமா விலாசமான்னு.

என்ன கேட்ட? ஆமா, கேப்பான். எங்க இருக்கான்னு கேக்காம விடுவானா? கேட்டாச் சொல்லித்தான ஆகணும். வாயத் தொறக்காம இருக்கவா? அதுவும் பொய்தான் தாயி, ஊமைப் பொய்யி. நீ சொல்றது எல்லாம் எனக்கு யோசனை தோணாமலா இருக்கும்? அவ உசுருக்கு என்ன வந்துச்சு இப்ப? கொன்னாப் போடுவான்? ...அப்படிப் பாக்காத. அவன் அப்படிப்பட்டவன் இல்ல.

மில்லு பேரா? கோமளவல்லி மில்லு. வேடசந்தூர்ல இருந்து உள்ள போகணும். எதுக்குக் கேக்குற, வேலை எதுவும் தேடுறியா? அதச் சொல்ல வேண்டியதுதான மொதல்லயே. உனக்கும் ஒரு மந்திரக் கயிறு முடிஞ்சு விட்டுட்டாப் போச்சு. போன்ல தேடுறியா, நம்பரு அதுலயே வருமா? பரவால்லையே. பேசு, பேசு. நான் ஒட்டுக் கேக்குறவ இல்ல.

யாருகிட்டப் பேசுற, ஹாஸ்டல் வார்டனா? எதுக்கு முனீஸ்வரி பேரச் சொல்ற? யம்மா, உன்னையத்தான. அவ புருசனுக்கு எடம் தெரியப் போகுதுன்னு நீ எதுக்குச் சொல்ற? இன்னிக்கே வேற எடத்துக்கு அனுப்பிருங்கன்னா என்ன அர்த்தம்? ஏய், போன வையி. வையிங்குறேன்ல! அவகிட்டயே குடுக்கச் சொல்றியா? பேசாத, அவகிட்டப் பேசாத!

அடிப் பாவி. நம்பித்தானடி உங்கிட்டச் சொன்னேன். உனக்கும் அவளுக்கும் என்ன? அக்காளா, தங்கச்சியா? முன்னப்பின்ன அவ மூஞ்சியப் பாத்திருக்கியா? உங்கிட்ட வந்து அழுதாளா அவ? கண்டக்டரு தம்பி, இங்க வாங்க, இந்த அநியாயத்தக் கேளுங்க. ஊரு பேரு தெரியாத ஒருத்தி, இங்க உக்காந்துக்கிட்டு, எங்கயோ கெடக்குற ஒரு புள்ள வாழ்க்கையில கைய வைக்குறா. கேளுங்க தம்பி, யாரக் கேட்டு வைக்குறான்னு கேளுங்க!